தார் ஷீட் வீடுகள்: வடசென்னையில் பேரிடர்க்காலத் தற்காலிகக் குடியிருப்புகளும் அவற்றின் மறுபயனும்

பேரிடர்களின் வரலாற்றை எழுதுவோர் இறந்தவர்களின் எண்ணிக்கை, நிவாரணத் தொகை, நிரந்தர வீடுகள் ஆகிய மூன்றையும் பதிவு செய்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் மக்கள் எங்கே படுத்து எழுந்தார்கள் என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த இடைக்காலம் சில வாரங்கள் என்று தொடங்கிச் சில ஆண்டுகளாக நீள்வது வழக்கம். அதற்காகக் கட்டப்படும் கொட்டகைகள் பிறகு என்ன ஆகின்றன? வீடே இல்லாத வேறு மக்களுக்கு, குறிப்பாக நகரத்திலிருந்து தொலைவில் வாழும் சமூகங்களுக்கு, அவை பயன்பட்டதுண்டா? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வடசென்னையில் எழுந்த தற்காலிகக் குடியிருப்புகளை மையமாகக் கொண்டு இக்கட்டுரை இக்கேள்விகளை ஆராய்கிறது.

பஞ்சத்தின் தடங்கள்

வடசென்னையில் பேரிடருக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு வேறொன்றாக மாறி நிலைத்தது சுனாமியில்தான் முதன்முறை என்று எண்ண வேண்டியதில்லை. 1780களின் தொடக்கத்தில் ஐதர் அலியுடனான போரினாலும் பஞ்சத்தினாலும் கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்களுக்கு நகரத்தின் வடக்குச் சுவரை ஒட்டிக் கஞ்சி ஊற்றப்பட்டது. 1782இல் உருவான மணியக்காரர் சத்திரத்தின் தொடக்கம் இதுவே. பஞ்சம் தணிந்த பின்னரும் சத்திரம் கலைக்கப்படவில்லை. கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகள் இருந்தார்கள்; அவர்களுக்காக ஒரு மருத்துவமனை சேர்ந்தது. அது வளர்ந்து இராயபுரம் அரசு மருத்துவமனையாகி, 1930களில் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. இன்றும் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வார்கள். பஞ்சக்காலத் தற்காலிக ஏற்பாடு ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏழைகளுக்கே பயன்பட்டு வருவதற்கு இதைவிடத் தெளிவான சான்று சென்னையில் இல்லை.

பேசின் பிரிட்ஜின் கதையும் இதற்கு அருகில் வருகிறது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1801இல் தொடங்கி 1806இல் திறந்த கால்வாய் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சென்றது. உப்பும் விறகும் ஏற்றிவந்த படகுகள் திரும்பவும் நிற்கவும் அமைந்த நீர்த்தேக்கமே 'பேசின்'. அதை ஒட்டிய பாலத்தின் பெயர் ஊர்ப்பெயராயிற்று. உப்பு இறங்கிய இடம் இன்றும் சால்ட் கோட்டார்ஸ் என்ற பெயரில் ரயில்வேயிடம் இருக்கிறது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது பசித்தவர்களுக்குக் கூலி வேலை தருவதற்காகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் அளவுக்குப் புதிய கால்வாய் வெட்டப்பட்டு, வடக்கும் தெற்கும் இணைக்கப்பட்டன. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. பஞ்ச நிவாரணத்தின் எச்சமான அக்கால்வாய் வணிகத்துக்குப் பயன்படாமற் போன பின் அதன் கரைகளில் துறைமுகக் கூலிகளும் ரயில்வே கூலிகளும் குடிசை போட்டார்கள். ஓட்டேரி நல்லா கால்வாயில் சேரும் இடமும் பேசின் பிரிட்ஜை ஒட்டியதே. ஆகவே பெருமழை என்றால் முதலில் நீர் ஏறும் இடங்களில் இதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14ஆம் எண் பாலத்தில் நீர்மட்டம் ஏறியதால் சென்னை சென்ட்ரலிலிருந்து ரயில்கள் நிறுத்தப்பட்டன. ரயில் நின்றது செய்தியானது. பாலத்தை ஒட்டிய தெருக்களில் முழங்கால் நீர் நிற்பது ஆண்டுதோறும் நடப்பதால் அது பெரிய செய்தியாவதில்லை.

2004 டிசம்பருக்குப் பின்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமத்ரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னையில் இறந்தவர்கள் இருநூறைத் தாண்டினர். இழப்பின் அளவில் நாகையுடன் சென்னையை ஒப்பிட முடியாது. ஆனால் நிலம் என்று பார்த்தால் சென்னையின் சிக்கல் வேறு வகையானது. நாகையில் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே போனால் வயலோ தரிசோ கிடைக்கும். காசிமேட்டிலிருந்து உள்ளே போனால் ரயில் பாதை, எண்ணெய்க் கிடங்கு, சரக்குப்பெட்டக முற்றம், அதற்கப்பால் ஏற்கெனவே நெரிந்து கிடக்கும் தெருக்கள்.

இதற்கு முன்பே வடசென்னைக் கரையோரம் தேய்ந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்திலிருந்து எர்ணாவூர் வரை கடல் கரையைத் தின்றது. பாறாங்கற்களைக் கொட்டித் தடுக்க வேண்டியிருந்தது. கடலரிப்பில் வீட்டை இழந்து தெருவோரம் வந்தவர்கள் சுனாமிக்கு முன்பே அங்கு இருந்தார்கள். எனவே 'சுனாமியால் பாதிக்கப்பட்டவர்', 'ஏற்கெனவே வீடற்றவர்' என்று கோடு கிழிப்பது அங்கு எளிதாக இல்லை. பின்னாளில் பட்டியல்கள் தொடர்பாக எழுந்த சச்சரவுகளுக்கு இதுவே வேர்.

காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டைக் கரையோரக் குப்பங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் பெரும்பகுதி திருவொற்றியூரை அடுத்த கார்கில் நகரில் குடியமர்த்தப்பட்டது. அங்கே ஆயிரக்கணக்கான மக்களுக்காக வரிசை வரிசையாக ஒற்றை அறைக் கொட்டகைகள் எழுப்பப்பட்டன. சட்டம் சவுக்குக் கட்டையும் மூங்கிலும். கூரையும் பல இடங்களில் சுவரும் தார் ஷீட். சென்னைக் குடிசைப் பகுதிகளில் கீற்றுக்குப் பதிலாகப் புழக்கத்துக்கு வந்த பொருள் இது: அட்டைக்கூழில் தார் தோய்த்து அலையலையாக அழுத்திய தகடு. விலை குறைவு, எடை குறைவு, ஒரே நாளில் ஆணியடித்து முடித்துவிடலாம். அவசரத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் தேவைப்பட்டபோது அரசும் தொண்டு நிறுவனங்களும் இதையே நாடியதில் வியப்பில்லை.

ஆனால் தார் ஷீட் வெப்பத்தை உள்ளே இறக்கும். சித்திரை வெயிலில் இளகித் தொய்யும். மழையில் ஊறினால் ஓரம் பிரியும். நெருப்பு பட்டால் தாரே எரிபொருளாகிவிடும். பகலில் உள்ளே இருக்க முடியாமல் பெண்களும் குழந்தைகளும் வெளியே நிழல் தேடி உட்கார்ந்ததை அக்காலத்தில் முகாம்களைப் பார்வையிட்ட மனித உரிமைக் குழுக்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டன. இக்கட்டுரையின் கேள்விக்கும் இந்தப் பொருள் தேர்வு முக்கியமானது. ஓராண்டு வெயிலையே தாங்காத தகட்டை இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. மறுபயன் என்ற வாய்ப்பு, கூரை வாங்கிய நாளிலேயே பெரும்பாலும் முடிந்துபோயிற்று.

நெருப்பும் மழையும்

2005ஆம் ஆண்டு கார்கில் நகருக்கு இரண்டு அடிகளைக் கொடுத்தது. கொட்டகை வரிசைகளில் தீ பிடித்து வீடுகள் எரிந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய தார் ஷீட் வரிசையில் தீ எப்படிப் பரவும் என்று விளக்கத் தேவையில்லை. அதன்பின் வடகிழக்குப் பருவமழை. அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் சென்னையில் பெய்த மழை பல்லாண்டுகளில் காணாதது. கார்கில் நகர் தாழ்வான நிலம். கடலிலிருந்து காப்பதற்காகக் குடியமர்த்தப்பட்டவர்களின் வீடுகளுக்குள் இப்போது மழைநீர் நின்றது. அலையிலிருந்து தப்பிப் பத்து மாதமே ஆன நிலையில் அதே குடும்பங்கள் மறுபடி மூட்டை கட்டின.

அந்த மழைக்காலத்தின் இன்னொரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2005 நவம்பர் 6 அன்று வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தனர். டிசம்பர் 18 அன்று தென்சென்னையின் எம்.ஜி.ஆர். நகரில் அதேபோன்ற நெரிசலில் 42 பேர் இறந்தனர். வெள்ளம் கொன்றதல்ல இது. டோக்கனும் வரிசையும் கொன்றவை. பட்டியலில் பெயர் இல்லாமற் போய்விடுமோ என்ற அச்சம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டாம். தற்காலிகக் கொட்டகையை விட்டு நகர மக்கள் தயங்கியதற்கும் இந்த அச்சமே காரணம். கொட்டகை என்பது இருப்பிடம் மட்டுமன்று. நிரந்தர வீட்டுக்கான உரிமைச் சீட்டும் அதுதான். ஆள் அங்கே இல்லையென்றால் கணக்கெடுப்பில் பெயர் இல்லை. ஆகவே காலியான கொட்டகையைக்கூடப் பிரித்தெடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ யாரும் முன்வரும் நிலை இல்லை.

கொட்டகையிலிருந்து 'போர்டு' வீட்டுக்கு

2005 மார்ச் 30 அன்று வருவாய்த் துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை நிரந்தர வீடுகளுக்கான விதிகளை வகுத்தது. கடலோரத்திலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்பவர்கள் விரும்பினால் உள்ளே நகரலாம். புதிய வீடு இலவசம். ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுமரத்தையும் வலையையும் போட்டுவைக்கும் கரையை விட்டுக்கொடுக்க மீனவர்கள் தயங்கினார்கள். இலவச வீடு என்பது உண்மையில் நிலப் பரிமாற்றம் என்று அவர்கள் புரிந்துகொண்டது சரியே. அதே ஆண்டு மே மாதத்தில் உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அவசரச் சுனாமி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 46.5 கோடி டாலர் கடன் அளிக்க ஒப்புக்கொண்டது. சென்னையில் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடிகளைக் கட்டியது: வடக்கே எர்ணாவூரில், தெற்கே செம்மஞ்சேரியில்.

1970இல் தொடங்கப்பட்ட அவ்வாரியத்தின் முதல் நோக்கம், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவது. இராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் மயிலாப்பூரிலும் எழுபதுகளில் எழுந்த வாரியக் குடியிருப்புகள் அப்படிப்பட்டவை. நூற்றாண்டு திரும்பும்போது அணுகுமுறை மாறியிருந்தது. பழைய மாமல்லபுரம் சாலையோரம் கண்ணகி நகரில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்து, நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்டவர்களால் நிரம்பத் தொடங்கியிருந்தன. சுனாமி அந்தப் போக்கைத் தொடங்கவில்லை. அதற்கு வேகம் கொடுத்தது. செம்மஞ்சேரியில் சுனாமிக் குடும்பங்களுக்கு என்று கட்டப்பட்ட வீடுகளில் ஆற்றோரம், கால்வாயோரம், சாலையோரம் ஆகியவற்றிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களும் குடியேற்றப்பட்டன. அங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சுமார் 30 கி.மீ.

எர்ணாவூர் அவ்வளவு தொலைவில்லை. ஆனால் விசைப்படகில் போகிறவர்களுக்கும், விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்கும் ஆறேழு கிலோமீட்டர்கூடச் சிறிது அல்ல. பின்னிரவு மூன்று மணிக்குப் பேருந்து கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய லாபத்தில் பாதி போய்விடும். 2007 ஜனவரியில், எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் பெண்கள் பலர் கடனை அடைப்பதற்காகச் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள் என்ற செய்தி வெளிவந்து நாடு முழுவதும் பேசப்பட்டது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. வீட்டைக் கொடுத்துத் தொழிலை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் செய்தியை விடக் கசப்பான பதில் கிடைக்காது.

எது மறுபயன் ஆனது?

சுனாமிக்குப் பிந்தைய வடசென்னையில் மறுபயன் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. திட்டமிட்டு நடக்கவில்லை என்பதே சரி. கொட்டகையிலிருந்து நகர்ந்த குடும்பங்கள் சவுக்குக் கட்டையையும் நல்ல தகடுகளையும் விட்டுப்போவதில்லை. சமையலுக்கு ஒதுக்கிடம், குளியல் மறைப்பு, ஆட்டுக் கொட்டில், வலை வைக்கும் பந்தல் என்று ஏதாவதொன்றில் அது போய்ச் சேரும். குடிசைப் பகுதியில் பழைய தகட்டுக்கு எப்போதும் விலை உண்டு. எந்த அரசுக் கோப்பிலும் ஏறாத இந்த மறுபயன்தான் உண்மையில் அதிகம் நடந்தது.

இரண்டாவது வகை, கட்டடம் அல்ல, நிலமே திரும்பத் திரும்பப் பயன்படுவது. நீர் நிற்கும் தாழ்நிலம் யாருக்கும் வேண்டாததாகையால் அது பேரிடருக்கு உள்ளானவர்களுக்குக் கிடைக்கிறது. அடுத்த மழையில் அங்கே புதிய பேரிடர் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கும் ஒக்கியம் துரைப்பாக்கத்தின் எழில் நகருக்கும் அனுப்பப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சார்ந்த அந்த இடங்களிலும் நீர் தேங்குகிறது. வெள்ளத்தைக் காரணமாகச் சொல்லி வெள்ளமுள்ள இடத்துக்கே மாற்றுவது வரலாற்றாசிரியர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அப்படி இருக்காது.

மூன்றாவது வகை விசித்திரமானது: நிரந்தர வீடு தற்காலிகமாவது. பேசின் பிரிட்ஜிலிருந்து நடந்துபோகும் தொலைவில், புளியந்தோப்பு கே.பி. பூங்காப் பகுதியில் பழைய வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. குடியிருக்க வேண்டியவர்கள் நுழைவதற்கு முன் கொரோனாத் தொற்று வந்தது. காலி வீடுகள் நோயாளிகளுக்கான பராமரிப்பு மையமாயின. 2021 ஆகஸ்டில், சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிர்கிறது என்று அங்கு குடியேறியவர்கள் காட்டிய காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஓடின, சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வு செய்தார்கள். தற்காலிகக் கொட்டகை நிரந்தரமாவதும் நிரந்தர மாடி தற்காலிகமாவதும் ஒரே வட்டாரத்தில் இருபது ஆண்டுகளுக்குள் நடந்தன.

பிற நாடுகளின் முன்மாதிரிகள்

தற்காலிக வீட்டை முறையாக மறுபயன் செய்த மிகப் பழைய, நன்கு பதிவான எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோ. 1906 ஏப்ரல் நிலநடுக்கத்துக்கும் தீக்கும் பின் அங்கே 5,610 சிறு மரக்குடில்கள் கட்டப்பட்டுப் பூங்காக்களில் முகாம்களாக வைக்கப்பட்டன. குடியிருப்பவர் மாதம் 2 டாலர் வீதம் செலுத்தி 50 டாலர் முடிந்ததும் குடில் அவருக்குச் சொந்தம்; ஒரே நிபந்தனை, பூங்காவிலிருந்து எடுத்துப்போக வேண்டும். மக்கள் குடில்களைக் குதிரை வண்டிகளில் ஏற்றித் தாங்கள் வாங்கிய மனைகளுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மூன்று குடில்களை ஒட்டிப் பெரிய வீடாக்கியவர்களும் உண்டு. சில குடில்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றை வண்டியில் ஏற்ற முடிந்ததற்குக் காரணம் அவை நல்ல செம்மரப் பலகைகளால் ஆனவை என்பதே.

ஜப்பானின் கோபே நிலநடுக்கம் 1995 ஜனவரி 17இல் நேர்ந்தது. 48,000க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் கட்டப்பட்டன. கடைசிக் குடும்பம் வெளியேற ஐந்து ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே 1999 ஆகஸ்டில் துருக்கியில் பெரும் நிலநடுக்கம். காலியான கோபே வீடுகளில் 500ஐப் பிரித்து, ஜப்பானியக் கடற்படையின் மூன்று கப்பல்களில் ஏற்றி இஸ்தான்புல்லுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தைவானில் நிலம் அதிர்ந்தபோது அங்கும் ஒரு தொகுதி போயிற்று. ஒரு நகரத்தின் பேரிடர் வீடு வேறொரு நாட்டின் மக்களுக்குக் கூரையானது. கோபேக்கு இன்னொரு முகமும் உண்டு. குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியதால் அண்டை அயலார் பிரிந்து, தனித்து விடப்பட்ட முதியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் யாருமறியாமல் அந்த வீடுகளில் இறந்துகிடந்தனர். அதைப் பார்த்த பின்தான், ஒரே ஊர் மக்களை ஒரே முகாமில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஜப்பானில் வலுப்பெற்றது.

அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலுக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இழுவை வீடுகள் வாங்கப்பட்டன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்ற ஊரின் விமான நிலையத்தில் காலியாகவே நின்றன. பெரிய வகை வீடுகளை வெள்ளம் வரக்கூடிய நிலத்தில் வைக்கக்கூடாது என்பது விதி; பாதிக்கப்பட்ட ஊர்களோ பெரும்பாலும் அத்தகைய நிலத்தில் இருந்தன. மிஞ்சியவற்றை வீட்டுப் பற்றாக்குறையில் தவிக்கும் பூர்வகுடிப் பழங்குடிகளுக்குக் கொடுக்கும் யோசனை எழுந்து, நாடாளுமன்றமும் வழிசெய்தது. தொலைதூரச் சமூகத்துக்குப் பேரிடர் வீட்டைக் கொடுப்பதற்கு இதுவே பலரும் சுட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் பல இழுவை வீடுகளின் மரப்பலகைப் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசிவது அதற்குள் தெரியவந்தது. 2008இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை உறுதிசெய்தது. குடியிருப்புக்கு அல்ல என்ற எச்சரிக்கை ஒட்டி ஏலத்தில் விற்கப்பட்டவற்றில், 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் குடியிருந்ததைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். மறுபயன் என்ற பெயரில் ஒருவருக்கு ஆகாததை இன்னும் ஏழையானவருக்குத் தள்ளிவிடும் ஆபத்து இதில் எப்போதும் இருக்கிறது.

சுனாமியின் மையத்துக்கு அருகில் இருந்த ஆச்சே மாகாணத்தில் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு ஏறத்தாழ 20,000 இடைக்கால வீடுகளை அமைத்தது. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், மரப்பலகைச் சுவர், இரும்புத் தகட்டுக் கூரை. போல்ட்டைக் கழற்றிப் பிரிக்கலாம். குடும்பமே அதைத் தன் மனைக்குக் கொண்டுபோகலாம். அதே கடல், அதே அலை. ஆனால் கார்கில் நகரில் கிடைத்தது தார் ஷீட்.

ஈழத்தில் தகரங்கள்

இலங்கையிலும் சுனாமிக்குப் பின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இடைக்கால வீடுகள் கட்டப்பட்டன. கடற்கரையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் கட்டத் தடை என்று முதலில் அறிவிக்கப்பட்டதால், தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கரைகளில் நிரந்தர வீடுகள் தாமதமாயின. 2006இல் போர் மீண்டது. மூதூரிலும் வாகரையிலும் சுனாமியால் ஒருமுறை பெயர்ந்தவர்கள் போரால் மறுமுறை பெயர்ந்தார்கள்.

வன்னியில் இடம்பெயர்ந்தோர் ஓடும்போது கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதை 2008ஆம் ஆண்டின் சாட்சியங்கள் பலவும் சொல்கின்றன. அடுத்த ஊரில் இறக்கி மறுபடி கூரை போட்டார்கள். ஷெல் விழுந்ததும் மறுபடி கழற்றினார்கள். தற்காலிக வீட்டின் மறுபயன் என்று அலுவலக மொழியில் சொல்லப்படுவதை அம்மக்கள் கையாலேயே செய்தார்கள். போர் முடிந்தபின் வவுனியாவின் மெனிக் பாம் முகாமில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தனர். 2012 செப்டம்பரில் முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்களுக்காக இந்தியா 10,000 டன்னுக்கும் அதிகமான நெளிதகரங்களை அனுப்பியது. பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பங்கள் தகரக் கொட்டிலில் இருந்துகொண்டே பக்கத்தில் கல்வீட்டைத் தாங்களே கட்டின. கல்வீடு எழுந்தபின் அதே தகரம் குசினிக் கூரையாகவோ மாட்டுக் கொட்டிலாகவோ தொடர்ந்தது. நிலம் தமக்குச் சொந்தமாக இருந்ததால் இது முடிந்தது. கார்கில் நகரிலிருந்து எர்ணாவூர் மாடிக்குப் போனவர்களுக்குப் பழைய தகட்டை வைக்க மொட்டைமாடிகூடச் சொந்தமில்லை.

பட்டியலுக்கு வெளியே

இங்கே தொலைதூரச் சமூகம் யார் என்ற கேள்விக்கு வரவேண்டும். எண்ணூருக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தையும் பழவேற்காடு ஏரியையும் ஒட்டி இருளர் குடும்பங்கள் சிறு சிறு கூட்டமாக வாழ்கின்றன. இறாலைக் கையால் தடவிப் பிடிப்பது, நண்டு பிடிப்பது, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாகச் சிக்குவது என்பவை அவர்களின் வாழ்க்கை. பட்டா இல்லாத புறம்போக்கில் கீற்றுக் குடிசை. ஆண்டுதோறும் மழையில் அது சரியும். வீட்டை 'இழந்ததாக' நிறுவ அவர்களிடம் காகிதம் இருக்காது. சுனாமி நிவாரணம் மீனவர் பஞ்சாயத்துகளின் வழியாகவும் மீன்வளத் துறைப் பட்டியல்களின் வழியாகவும் பெருமளவு சென்றதால், இருளரும் கடலோரத் தலித் மக்களும் பல இடங்களில் விடுபட்டார்கள். நாகை மாவட்ட முகாம்களில் தலித்துகள் தனித்து நிறுத்தப்பட்டதையும் அக்கால அறிக்கைகள் பதிவு செய்துள்ளன.

கழற்றக்கூடிய இரும்புச் சட்ட வீடுகள் வடசென்னையில் அமைக்கப்பட்டிருந்தால், எர்ணாவூர் மாடிகள் தயாரானபின் அவை லாரியில் ஒரு மணி நேரத்தில் பொன்னேரி வட்டத்துக்குப் போயிருக்கும். தூரம் தடையில்லை, செலவும் அவ்வளவில்லை. தடை வேறிடத்தில் இருந்தது. வீட்டை இறக்க நிலம் வேண்டும்; நிலத்துக்குப் பட்டா வேண்டும்; பட்டாவுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும்; இருளர் பலருக்குப் பழங்குடிச் சான்றிதழ் பெறுவதே பல ஆண்டுப் போராட்டம். இதைத் தீர்க்காமல் வீட்டை மட்டும் அனுப்பியிருந்தால், ஹோப் ஊர் விமான நிலையத்தைப்போல் ஏதோ ஒரு வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் இரும்புச் சட்டங்கள் துருவேறிக் கிடந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

கொட்டகைக்குப் பதில் பணம்

குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. எழுபதுகளின் பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் கட்டும் பணி வடசென்னையில் பரவலாக நடக்கிறது. இடிக்கும் காலத்தில் வெளியேறும் குடும்பங்களுக்குக் கொட்டகை போட்டுத் தருவதற்குப் பதிலாகக் கருணைத் தொகை கொடுக்கப்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாயாக இருந்த அத்தொகை 24,000 ஆக உயர்த்தப்பட்டது. தார் ஷீட் வரிசைகள் இல்லாததால் தீப்பிடிக்கும் அச்சம் குறைந்தது. அதே சமயம் இடைக்கால இருப்பிடத்தைத் தேடும் பொறுப்பு அரசிடமிருந்து குடும்பத்துக்கு மாறியது. கட்டுமானம் இரண்டு ஆண்டுகள், மூன்று ஆண்டுகள் என இழுக்கும்போது அத்தொகை முன்பணத்துக்கும் சில மாத வாடகைக்குமே காணும். பெரும்பாலோர் பிள்ளைகளின் பள்ளியையும் துறைமுக வேலையையும் விட முடியாமல் புளியந்தோப்பு, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் சந்துகளிலேயே ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிறார்கள். அந்த அறைகளில் மாடியில் இருப்பவை பலவற்றுக்குக் கூரை இன்றும் தகர ஷீட் அல்லது ஆஸ்பெஸ்டாஸ்.